மறைப்பதற்கும் எனக்கு உரிமை உண்டு

என் முகத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த அறிவுரைகள் எல்லாம் இரண்டே வகை. ஒன்று, "மூடிக்கொள்." மற்றொன்று, "எதற்கு மூடுகிறாய்? இருக்கிறபடியே இரு." முதல் வகை பெரும்பாலும் உறவுக்காரர்களிடமிருந்து வந்தது. இரண்டாவது, படித்த, நல்லெண்ணம் கொண்ட தோழிகளிடமிருந்து. முதலாவது என்னை வருத்தியதில் வியப்பில்லை. இரண்டாவதும் ஏறக்குறைய அதே அளவு வருத்தியது. ஒப்பனை என்பது தன்னை வெளிப்படுத்துவதா, உண்மை முகத்தை ஒளித்துக்கொள்வதா என்று பேச்சு எழும்போதெல்லாம், ஒளிப்பது என்றாலே தவறு என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் வெண்புள்ளியோடு மும்பையில் வாழும் பெண்ணாக அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கூடவே, இத்தனை காலம் பூசியும் கழுவியும் கற்றுக்கொண்டவற்றையும் சொல்கிறேன். யாருக்காவது பயன்படும்.

எனக்கு முதல் புள்ளி நெற்றியில் வந்தது. சரியாகப் பொட்டு வைக்கும் இடத்தில், பொட்டின் அளவிலேயே, வட்டமாக. கல்லூரி நாள்களில் தினமும் ஸ்டிக்கர் பொட்டுதான். இரவில் எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, காலையில் மறுபடியும் எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் வழக்கம். முதலில் அரித்தது, பிறகு லேசாகச் சிவந்தது, பிறகு வெளுத்தது. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற ரசாயனம் இருக்கும் என்றும், தோலுக்கு நிறம் தரும் செல்களை அது சிலருக்கு அழித்துவிடும் என்றும் பின்னால்தான் தோல் மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பசை பட்ட இடத்தோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு நிற்கவில்லை. இடக்கண் ஓரம், வாயின் இரு பக்கம், பிறகு கீழ் உதட்டின் பாதி.

வெண்புள்ளி தொற்றுநோய் இல்லை. தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டால் வராது. மீனும் பாலும் ஒன்றாகச் சாப்பிட்டதால் வருவதும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நிறச் செல்களையே பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது. உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் எங்கள் தாராவி 90 அடி ரோட்டில் மூன்று தலைமுறையாக வாழும் திருநெல்வேலிக்காரர்கள் பலர் அதை இன்னும் 'வெண்குஷ்டம்' என்றுதான் அழைக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி தண்ணீர் கொடுத்த டம்ளரைத் தனியாக எடுத்துவைத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

முழு முகத்துக்கும் முதன்முதலாக ஒப்பனை செய்துகொண்டது அண்ணன் கல்யாணத்தில். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் வாதம் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. பார்லரிலிருந்து வந்த பெண் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெள்ளைத் திட்டுகளுக்கு நெருக்கமான ஒரு வெளிர் நிறத்தை எடுத்து முகம் முழுவதும் பூசினார். திட்டுகளைச் சுற்றியுள்ள என் மாநிறத்தை வெளுக்க வைத்துத் திட்டுகளைக் காணாமல் ஆக்கினார். கழுத்து என் நிறம், காது என் நிறம், முகம் மட்டும் வேறு யாருடையதோ. உறவினர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. "இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாய்" என்றார் பெரியம்மா. திட்டு மறைந்ததற்காக மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. மறைய வேண்டும் என்று அவர்கள் நினைத்தது இரண்டு: என் நோயும் என் கருப்பும். ஒரே தூரிகையில் இரண்டும் போயின.

பிறகு சயன் மருத்துவமனையின் தோல் பிரிவில் காத்திருந்தபோது, கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு மராட்டியப் பெண் தன் கன்னத்தைக் காட்டினார். அங்கே ஒரு திட்டு இருக்கிறது என்று அவர் விரலால் சுற்றிக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பூசியிருந்தது தன் சொந்தத் தோலின் நிறத்தை. காமஃப்ளாஜ் கிரீம் என்று இருக்கிறது, சாதாரண பவுண்டேஷனைவிடக் கெட்டி, தண்ணீரில் கரையாது என்று சொல்லி, பெட்டியின் படத்தைக் கைபேசியில் காட்டினார். சில வாரங்கள் கழித்து என் நிறத்தில் ஒன்றை வாங்கிப் பூசிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். அங்கே இருந்தது பள்ளி அடையாள அட்டையில் இருந்த முகம். என் அப்பாவின் நிறம், என் ஆச்சியின் நிறம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மண்டபத்தில் பூசியதும் ஒப்பனை, இதுவும் ஒப்பனை. இரண்டுமே திட்டை மறைக்கின்றன. ஆனால் ஒன்று என்னை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது, இன்னொன்று என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. அதனால்தான், மறைக்கிறதா இல்லையா என்பதை வைத்து ஒப்பனையை எடை போடக் கூடாது என்கிறேன். யார் சொல்லி மறைக்கிறோம், எதை மறைக்கிறோம், யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பவைதான் கேள்விகள்.

மைக்கேல் ஜாக்சனைப் பற்றி நம் ஊர்களில் பேசப்பட்டது நினைவிருக்கும். கருப்பாகப் பிறந்தவர் வெள்ளையனாக ஆசைப்பட்டுத் தோலை மாற்றிக்கொண்டார் என்று. 1993 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேவுக்குக் கொடுத்த நேர்காணலில், தனக்குத் தோலின் நிறமி அழியும் நோய் இருக்கிறது என்று அவரே சொன்னார். பலர் நம்பவில்லை. 2009ல் அவர் இறந்தபின் நடந்த உடற்கூறு ஆய்வு வெண்புள்ளி இருந்ததை உறுதி செய்தது. அவருடைய ஒப்பனைக் கலைஞர் சொன்னபடி, தொடக்கத்தில் வெள்ளைத் திட்டுகளைத் தோலின் கரிய நிறத்தால் மறைத்துவந்தார்கள். திட்டுகள் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு, எஞ்சியிருந்த கரிய பகுதிகளை வெளிர் நிறத்தால் மூடவேண்டி வந்தது. தன் நிறத்தைக் காப்பாற்றப் பூசத் தொடங்கிய மனிதரைத் தன் நிறத்தை வெறுத்தவர் என்று உலகம் எழுதிவைத்தது. முகத்தில் பூச்சு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உள்ளே இருக்கும் மனதைப் படிக்க முயன்றால் இப்படித்தான் ஆகும்.

இனி, பூசும் முறைக்கு வருகிறேன். வெண்புள்ளி இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, தீக்காயத் தழும்பு, பிறவி மச்சம், மங்கு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நிறத்தைக் கடையின் ட்யூப் லைட்டில் தேர்ந்தெடுக்காதீர்கள். கிராஃபோர்டு மார்க்கெட்டின் உள்சந்துகளில் பகலிலும் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் பொருந்துகிற நிறம், வெயிலுக்கு வந்ததும் சாம்பல் பூத்துவிடும். தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு எங்கே என்று தேடவேண்டி வந்தால் அதுதான் உங்கள் நிறம். மணிக்கட்டில் தேய்த்துப் பார்ப்பதில் பயனில்லை. மணிக்கட்டின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. இன்னொன்றையும் கவனியுங்கள். வெயில் காலத்தில் நம் தோல் கறுக்கும், திட்டு கறுக்காது. டிசம்பரில் பொருந்திய கிரீம் மே மாதத்தில் பொருந்தாமல் போகும். அதனால் அடுத்தடுத்த இரண்டு நிறங்களை வாங்கி, பருவத்துக்கேற்பக் கலந்துகொள்கிறேன். ஒரே நிறத்தைத் தட்டையாகப் பூசினால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் தெரியும். யாருடைய முகமும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. எனக்கு வாயைச் சுற்றிச் சற்றுக் கருப்பு, கன்னத்தில் சற்று வெளிர். இரண்டு நிறம் கையில் இருந்தால் அதையும் கொண்டுவரலாம்.

முதலில் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல். நிறமி இல்லாத தோல் வெயிலில் எளிதில் எரிந்து சிவக்கும் என்பதால் பூச்சு இல்லாத நாளிலும் இதை விடக் கூடாது. அது தோலில் ஊறும்வரை காத்திருந்து, பிறகு அரிசியளவு கிரீமைப் புறங்கையில் எடுத்துச் சூட்டில் இளக விடுகிறேன். மோதிர விரலால் ஒற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. மற்ற விரல்களைவிட மோதிர விரலில் அழுத்தம் குறைவாக விழும். திட்டின் நடுவிலிருந்து தொடங்கி, ஓரத்தைத் தாண்டி நல்ல தோலின் மேல் கொஞ்சம் படரும்படி ஒற்றி, அந்த விளிம்பைத் தேய்ந்து மறையச் செய்ய வேண்டும். ஒரு கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நிற்கும். பிறகு நிறமற்ற பவுடரைத் தாராளமாக எடுத்துப் பஃபால் அழுத்தி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுகிறேன். பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எண்ணெய்ப்பசையைப் பவுடர் இழுத்துக்கொண்டு கிரீமைத் தோலோடு கட்டுகிறது. நான் அந்த நேரத்தில் டிபன் பாக்ஸ் கட்டுவேன். பிறகு மிஞ்சிய பவுடரைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றினால் மாவு பூசியதுபோன்ற தோற்றம் போய்விடும். இப்படிச் செய்தது ஜூலை மழையிலும், அக்டோபர் புழுக்கத்திலும், மாலை வரை நிற்கிறது. வியர்த்தால் துடைக்கக் கூடாது, கைக்குட்டையை ஒற்றி எடுக்க வேண்டும்.

புருவத்தில் நரைத்த முடிக்குப் புருவப் பென்சில். உதட்டுத் திட்டுக்கு முதலில் லிப் பென்சிலால் உதடு முழுவதும் நிரப்பி, அதன் மேல் லிப்ஸ்டிக். வெறும் லிப்ஸ்டிக் திட்டின் மேல் மட்டும் சீக்கிரம் கலைந்து ஓட்டை விழும்.

பூசுவதைவிடக் கழுவுவது முக்கியம். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் உரசப்பட்டாலோ காயப்பட்டாலோ அந்த இடத்தில் புதுத் திட்டு தோன்றலாம். மருத்துவர்கள் இதைக் கோப்னர் விளைவு என்கிறார்கள். ஆகவே துண்டால் அழுத்தித் தேய்ப்பது, ஸ்க்ரப் போடுவது, வாக்சிங், திரெடிங் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். நான் தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சைத் திட்டின் மேல் வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். பூச்சு தானாக இளகிப் பஞ்சோடு வந்துவிடும். பருக்கள் வரும் தோல் உள்ளவர்கள் எண்ணெய்க்குப் பதில் மைசெல்லார் வாட்டர் என்ற ஒப்பனை நீக்கும் நீரைப் பயன்படுத்தலாம். புதிதாக எந்தப் பொருள் வாங்கினாலும் முழங்கையின் உட்பக்கத்தில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டிக்கர் பொட்டு எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் கிடையாது. அண்ணன் மகளுக்குச் சாந்தும் கண்மையும்தான்.

சிகிச்சையையும் விடவில்லை. களிம்பும், வாரத்தில் சில நாள் புற ஊதாக் கதிரும் எடுத்ததில் கண்ணோரத் திட்டில் பெருமளவு நிறம் திரும்பிவிட்டது. முகத்துத் திட்டுகள் மருந்துக்கு ஓரளவு இசையும். உதடும் விரல்நுனியும் எளிதில் இசையாது. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

தினமும் ஜிடிபி நகர் நிலையத்தில் ஏறி, சிஎஸ்எம்டி எனப்படும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் வரை ஹார்பர் லைன் மின்ரயிலில் போகிறேன். காலை நேரத்து மகளிர் பெட்டி நான் பார்த்தவற்றில் மிக நேர்மையான ஒப்பனை அறை. ஓடும் வண்டியில் பவுடர் போடலாம், லிப்ஸ்டிக் போடலாம், ஐலைனர் போட முடியாது. அதனால் வண்டி காட்டன் கிரீனில் நின்றதும் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் கைக்கண்ணாடியைத் தூக்கி, வலக்கண்ணுக்கு ஒரு கோடு இழுப்பார்கள். ரே ரோட்டில் இடக்கண். தெரியாத பெண்ணின் கண்ணாடியை இன்னொருத்தி பிடித்துக்கொள்வாள். வீங்கிய கண்ணோடு, கலைந்த தலையோடு ஏறியவர்கள், இறங்கும்போது அலுவலக முகத்தோடு இறங்குவார்கள். எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்? ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, ஓடிவந்து வண்டி பிடித்த அந்த முகம் உண்மை. அந்தக் களைப்பை மேலாளரின் முன் கொண்டுபோய் வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்த முகமும் உண்மைதான்.

ஆனால் மறைப்பது ஆணையாக வரும்போது நிலைமை வேறு. முன்பு வேலை பார்த்த இடத்தில் நான் வாடிக்கையாளர்களை வரவேற்கும் மேசையில் இருந்தேன். அலர்ஜியால் சில நாள் கிரீம் பூசாமல் போனேன். வாடிக்கையாளர்கள் சங்கடப்படுகிறார்கள் என்று சொல்லி என்னைப் பின்னறைக் கோப்புகளுக்கு மாற்றினார்கள். மறுபடி பூசிக்கொண்டு போனதும் முன்மேசை திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து அதே கிரீம், அதே நிறம், அதே பத்து நிமிடப் பவுடர் எனக்குப் பாரமாகிவிட்டது. நானாகப் பூசியபோது அது என் முகமாக இருந்தது, அவர்களுக்காகப் பூசியபோது சீருடை. வேறு வேலை கிடைத்ததும் வந்துவிட்டேன். இப்போதைய அலுவலகத்தில் சில நாள் பூசிப் போகிறேன், சில நாள் வெறும் சன்ஸ்கிரீனோடு. அந்தச் 'சில நாள்' என்பதில்தான் என் நிம்மதி இருக்கிறது.

காமஃப்ளாஜ் ஒப்பனைக்குப் பெயர்பெற்ற பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் லிடியா ஓலியரி என்ற அமெரிக்கப் பெண். பிறந்தபோதே முகத்தில் பெரிய செம்மச்சம் கொண்டவர். தன் முகத்துக்காகவே கலந்து பார்த்து உருவாக்கிய கவர்மார்க், 1928லிருந்து அறியப்படுகிறது. அழகுக்காக விற்கப்படும் பொருள்களுக்கு நடுவே, ஒரு பெண் தன்னை உற்றுப்பார்க்கும் கண்களிலிருந்து ஓய்வு பெறுவதற்காகச் செய்த பொருள் அது. அந்த ஓய்வு எவ்வளவு பெரிது என்பது, பஸ்ஸிலும் கோயிலிலும் கடையிலும் ஒவ்வொருவரும் "இது எப்போதிலிருந்து?" என்று கேட்டு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். என் உடம்பின் வரலாற்றைக் காய்கறிக்காரரிடமும் லிஃப்டில் வரும் அயலாரிடமும் விளக்கிக்கொண்டிருக்க நான் கடமைப்பட்டவள் இல்லை. "தைரியமாக அப்படியே வா" என்று சொல்லும் தோழிகளிடம் நான் சொல்வது இதுதான்: அந்தத் தைரியத்தின் விலையை அவர்கள் கொடுக்கவில்லை, நான்தான் கொடுக்கிறேன். எந்த நாளில் கொடுக்க முடியும் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடமைப்பட்ட இடமும் ஒன்று உண்டு. என்னைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா கிரீம் டப்பாவோடு நின்றார். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்றார். மாட்டேன் என்றேன். கூடவே வாழப்போகிறவர், முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவர். வழிப்போக்கருக்கு இல்லாத உரிமை அவருக்கு உண்டு. அவரிடம் மறைத்தால் அது ஒப்பனை இல்லை, வஞ்சனை. அன்று கண்மையும் சாந்துப் பொட்டும் மட்டும் வைத்து, திட்டுகள் தெரியும்படியே காபித் தட்டை எடுத்துப்போனேன். முதலில் வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சேதி சொல்கிறோம் என்று போனார்கள், சொல்லவில்லை. பிறகு வந்தவர், பிள்ளைகளுக்கும் வருமா என்று நேரடியாகக் கேட்டார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு சற்று அதிகம், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவரோடுதான் இப்போது வாழ்கிறேன். கிரீமின் விளிம்பு காதோரம் சரியாகப் படரவில்லை என்றால் அவர்தான் சொல்வார்.

வெண்புள்ளி இல்லாத பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணில் தீட்டுங்கள், உதட்டில் எந்த நிறம் வேண்டுமோ பூசுங்கள். என் அண்ணன் மகள் கல்லூரிக்கு நீல நிற மை தீட்டிப் போகிறாள், மைனி தலையில் அடித்துக்கொள்கிறார், எனக்கு அது பிடித்திருக்கிறது. நம் வீட்டில் பிறந்த குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தே முகத்தில் எழுதும் பழக்கத்தைத் தொடங்குகிறோம். அழகைக் குறைத்துக் காட்டுவதற்காக வைக்கப்படும் அந்தப் பொட்டைக் குழந்தையின் பொய் முகம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் நிறத்தை வெளுக்க வைப்பது என்று வந்தால் நான் கடுமையாகத்தான் பேசுவேன். 1975ல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. நம் கல்யாணச் சந்தையில் கேட்கப்படுவது மாறவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்து, கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் டியூபுகளை வாங்கித் தேய்க்கிறார்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளம் தெரிந்து, முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதற்கு 2018ல் அரசு தடைவிதித்தும் பழக்கம் நிற்கவில்லை. முகவரியே இல்லாத சில வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருக்கும். கண்ணுக்கான பொருள்களைத் தவிர மற்ற ஒப்பனைப் பொருள்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத எதையும் முகத்துக்கருகே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது எங்கள் பகுதியிலிருந்து பெண்கள் என்னிடம் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னலோரம் உட்காரவைத்து நிறம் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன். பணம் வாங்குவதில்லை. சென்ற முறை ஓர் அம்மா தனியாக வந்தார். மகளின் கன்னத்தில் திட்டு, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், கல்யாணம் வரைக்கும் தெரியாமல் இருக்க என்ன பூசலாம் என்று கேட்டார். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது, என் அம்மாவும் அப்படித்தான் நின்றார். ஆனாலும் கிரீமின் பெயரைச் சொல்லவில்லை. "மகளை அனுப்புங்கள் அக்கா. கல்லூரிக்கோ வேலைக்கோ பூசிக்கொள்ள வேண்டுமா என்று அவளிடம் கேட்டுக் கற்றுத்தருகிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு இதுதான் விஷயம் என்று முதலில் சொல்லிவிடுங்கள்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த வாரம் மகள் வந்தாள், தனியாக. அவளுக்குக் கன்னத் திட்டைப் பற்றிக் கவலையே இல்லை. உதட்டுக்குச் சிவப்பு எப்படிக் கலையாமல் நிற்கும் என்று கேட்டாள்.